உடலுக்கும் ஒரு குறிக்கோள்

பங்குனித் திங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவடைகிறது. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், அன்று முதல் வீடுதோறும் ஒரே பேச்சாக இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்வது? எந்தப் பாடத்தை எடுப்பது? விடுதியில் தங்குவதா, பேருந்தில் சென்று வருவதா? கட்டணம் எவ்வளவு? தந்தை ஒன்று சொல்கிறார். தாய்மாமன் வேறொன்று சொல்கிறார். சென்ற ஆண்டு கல்லூரியிற் சேர்ந்த அண்டை வீட்டு மாணவன் மூன்றாவதாக ஒன்று சொல்கிறான். விண்ணப்பங்கள் நிரப்பப்படுகின்றன, சான்றிதழ்கள் படியெடுக்கப்படுகின்றன, புதிய பெட்டியும் புதிய செருப்பும் வாங்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் திட்டம் உண்டு. ஆயின், இத்தனை திட்டங்களையும் சுமந்துகொண்டு கல்லூரி வாயிலில் நுழையப்போகிற உடலைப் பற்றி மட்டும் எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இம்மறதி சிறிய மறதி அன்று. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழியை அறியாதார் இலர். ஆயினும், சித்திரத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் வேளையில் சுவரை நினைப்பார் சிலரே. கல்லூரியில் அடியெடுத்து வைக்குமுன் ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு மாணவியும் தத்தம் உடல் நலத்துக்கென ஒரு குறிக்கோளைத் தெளிவாக வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ‘பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதனைத் தள்ளிவைத்தல் தவறு. இக்கருத்து மிகையானது என்று சிலர் எண்ணக்கூடும். அது மிகையன்று என்பதைப் பள்ளி வாழ்வுக்கும் கல்லூரி வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்ப்போர் உணர்வர்.

பள்ளியில் பயிலும் மாணவனுக்கு உடல் உழைப்பு கேளாமலே கிடைக்கிறது. காலையில் வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிறான். உடற்கல்விப் பாடவேளை வந்தால் மணி அடிக்கிறது, ஆசிரியர் ஊதல் ஊதுகிறார், வரிசையாக ஓடுகிறான். மேல்நிலை வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியில் தன் ஊரிலிருந்து பள்ளிக்குச் சென்று திரும்புகிறான். இடைவேளையில் எவரும் சொல்லாமலே விளையாடுகிறான். இவற்றுள் எதையும் அவன் திட்டமிட்டுச் செய்வதில்லை. பள்ளி என்னும் ஒழுங்கு அவனைச் செய்விக்கிறது. இறுதி ஆண்டில் பல பள்ளிகளில் விளையாட்டு நேரமும் பிற பாடங்களுக்குப் போய்விடுகிறது என்பது வருந்தத்தக்க உண்மையே. அப்பொழுதும், விளையாட்டு நேரம் என்று ஒன்று அட்டவணையில் எழுதப்பட்டேனும் இருக்கிறது.

கல்லூரியிலோ அந்த ஊதல் ஒலி நின்றுவிடுகிறது. மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. கல்லூரிப் பேருந்து வாயிலிலேயே ஏற்றிச் சென்று வாயிலிலேயே இறக்கிவிடுகிறது. விடுதியில் தங்குவோனுக்கு வகுப்பும் உணவுக்கூடமும் நூலகமும் அருகருகே உள்ளன. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்தபின் மாலையில் கட்டிலில் சாய்ந்து கைப்பேசியை நோக்குகிறான். ‘நீ ஏன் இன்று ஓடவில்லை?’ என்று கேட்பார் எவரும் இலர். உரிமை கைக்கு வந்தது. ஆனால் அவ்வுரிமையை ஆளும் ஒழுங்கு இன்னும் கைக்கு வரவில்லை. இவ்விடைவெளியிலேதான் உடல் நலம் நழுவிப் போகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் இவ்வயதின் எல்லைக்கோட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு விரைந்து வாங்கும் அளவுக்கு உடலை இயக்குதல் வேண்டும். 18 வயதை அடைந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சியோ செய்தல் வேண்டும். தசைகளை உறுதிப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களேனும் மேற்கொள்ளுதல் வேண்டும். பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் வயதும், ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவுக்கு மாறும் வயதும் ஒன்றாகவே இருப்பது நோக்கத்தக்கது. ஆயின், 2016-ஆம் ஆண்டின் நிலையைக் கொண்டு அதே நிறுவனம் கணித்தபொழுது, உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள இளைஞருள் நூற்றுக்கு 81 பேர் தமக்குரிய அளவை எட்டவில்லை என்பது தெரியவந்தது. குறைவோடு பள்ளியை விட்டு வெளியேறுவோர், எத்திட்டமும் இன்றிக் கல்லூரியில் அக்குறையை நிறைத்துக்கொள்வர் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

‘எங்கள் பாட்டனார் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை, எண்பது வயது வரை திடமாக இருந்தார்’ என்று கூறுவோர் கொங்கு நாட்டில் பலர். அவர்கள் கூறுவது மெய்யே. ஆனால், அப்பாட்டனார் விடியுமுன் எழுந்து காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டி ஆழ்ந்த கிணற்றிலிருந்து நீர் இறைத்தார். மண்வெட்டி எடுத்து மடை திருப்பினார். சந்தைக்கு நடந்து சென்றார். பாட்டியாரோ ஆட்டுக்கல்லில் மாவரைத்தார், உரலில் கம்பு குற்றினார், குடம் சுமந்தார். உழைப்பே அவர்களுக்குப் பயிற்சியாக இருந்தது. பயிற்சி என்று அதற்குத் தனிப் பெயர் இடவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அவ்வுழைப்பு எங்கே போயிற்று? அதற்கு விடை கோவையின் தொழில் வரலாற்றிலேயே இருக்கிறது. 1930-களில் பைக்காரா அருவியின் நீரிலிருந்து பிறந்த மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினர். கிணறுதோறும் இறைவைப் பொறி ஓடத் தொடங்கியது, கவலை மறைந்தது. 1955-இல் பி. சபாபதி என்பார் மாவரைக்கும் மின்பொறியை உருவாக்கினார். ஆட்டுக்கல் புறக்கடைக்குச் சென்றது. இவ்விரண்டு பொறிகளாலும் கோவை நாடெங்கும் புகழ் பெற்றது. முதுகொடிய உழைத்த ஆடவரும் பெண்டிரும் அவற்றால் விடுதலை பெற்றனர். அவ்விடுதலையைக் குறை கூறுதல் நன்றியின்மையாகும். எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. பொறி உழைப்பைக் குறைத்தது. உடலோ தனக்கு வேண்டிய இயக்கத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளவில்லை. முன்னோர் வாழ்வோடு கலந்து கிடைத்ததை இக்காலத்தவர் மனமறிந்து தேடிப் பெறவேண்டியவராயினர்.

தேடாதிருந்தால் நேர்வது யாது? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், ஆண்களில் ஏறத்தாழ 37 பேரும் மிகை எடை உடையவர். மிகை எடையோடு நீரிழிவும் குருதி அழுத்தமும் தொடர்ந்து வருதலை மருத்துவர் அனைவரும் அறிவர். இவை ஒரு நாளில் வருவன அல்ல; அமர்ந்திருக்கும் ஆண்டுகள் பல சேர்ந்து அவற்றை வரவழைக்கின்றன. அவ்வாண்டுகளின் தொடக்கம் பெரும்பாலும் கல்லூரிப் பருவமே.

அமர்ந்திருத்தலின் தீமையை அறிவியல் முதன்முதலில் எண்ணிக் காட்டிய வரலாறு சுவையானது. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக ஓயாது படியேறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே நேரம். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் இவ்விருவகையினரையும் ஒப்பிட்டு 1953-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். ஓட்டுநரைவிட நடத்துநருக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. கடிதம் சுமந்து நடக்கும் அஞ்சற்காரரையும் அமர்ந்து எழுதும் எழுத்தரையும் ஒப்பிட்டபொழுதும் அதே உண்மை விளங்கியது. படியேறுதல் போன்ற எளிய செயலும் நாள்தோறும் நிகழுமாயின் இதயத்துக்கு அரண் ஆகிறது.

கல்லூரி மாணவருக்கு இதனினும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1916 முதல் 1950 வரை சேர்ந்து பயின்ற 16,936 ஆடவரின் பிற்கால வாழ்வை ரால்ப் பாஃபன்பார்கர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு 2,000 கலோரிக்குக் குறைவாக உடலுழைப்பில் செலவிட்டோருக்கு, அதனினும் மிகுதியாகச் செலவிட்டோரைவிட, மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 64 பங்கு கூடுதலாக இருந்தது. மற்றொரு முடிவு மேலும் கருதத்தக்கது. மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ் பெற்றவருள், பின்னர் ஓய்ந்து அமர்ந்தோர்க்குப் பழைய ஆட்டத்தால் எப்பாதுகாப்பும் கிடைக்கவில்லை. மாணவப் பருவத்தில் ஆடுகளத்தை எட்டிப் பாராதவருள், பின்னர் உடலைத் தொடர்ந்து இயக்கியோர் பயன் பெற்றனர்.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறப்படுகின்றன. பள்ளியில் வட்டார அளவில் ஓட்டப் பரிசு பெற்ற மாணவன், அப்பரிசுக் கோப்பையை நம்பிக் கல்லூரியில் ஓயலாகாது. உடல் நலம் வங்கியில் இட்ட பணம் போலத் தானே வளராது. அன்றாடம் ஈட்டவேண்டிய கூலி போன்றது அது. பள்ளியில் எவ்விளையாட்டிலும் சேராமல் ஒதுங்கி நின்ற மாணவன், ‘எனக்கு இது வாராது’ என்று மனம் தளரவும் வேண்டுவதில்லை. கல்லூரி வாயில் இருவருக்கும் ஒரே தொடக்கக் கோடு ஆகும்.

தொடக்கக் கோடு அதுவாயின், குறிக்கோளை அங்குச் சென்றபின் வகுத்தால் என்ன என்று கேட்கலாம். முன்னரே வகுக்கவேண்டியதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பழக்கத்தின் இயல்பு. புதிய இடத்திற்குச் செல்வோர் முதற் சில வாரங்களில் எப்படி எழுகின்றனர், எங்கே அமர்கின்றனர், மாலைப் பொழுதை எவரோடு கழிக்கின்றனர் என்பனவே பின்னர் நிலைத்த பழக்கங்களாகின்றன. குறிக்கோளோடு செல்பவன் ஆடுகளத்துக்கு அருகில் நண்பரைத் தேடுவான்; குறிக்கோளின்றிச் செல்பவனைத் தேநீர்க் கடை நண்பர்கள் தேடிக்கொள்வர். இரண்டு திங்கள் கழிந்தபின் மாற்ற முயல்வது, வேரூன்றிய செடியைப் பெயர்த்து நடுவது போன்றது.

இரண்டாவது, உடலின் இயல்பு. உடல் கட்டளைக்கு உடனே பணிவதன்று; படிப்படியாகப் பழகுவது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறுவோரைக் கண்டவர் இதனை அறிவர். ஆண்டுதோறும் மாசி பங்குனிப் பருவத்தில் கையில் மூங்கிற்கோல் ஊன்றி ஆயிரக்கணக்கானோர் அம்மலை ஏறுகின்றனர். பல வாரங்கள் நடந்து பழகியவர் மெல்ல ஏறி இனிது திரும்புகின்றனர். ஓராண்டு முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு ஒரே இரவில் உச்சியை அடைய எண்ணுவோர் நடுவழியில் தளர்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் அவ்வழியில் உயிரிழந்தோரும் சிலர் உளர். நெஞ்சிலும் மூச்சிலும் நோய் உடையோர் ஏறவேண்டா என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. பக்தியும் ஆர்வமும் உயர்ந்தவையே; ஆயினும் அவை பயிற்சியின் இடத்தை நிரப்பமாட்டா. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள கோடைத் திங்கள்கள், இவ்வாறு பழகுவதற்கென்றே வாய்த்த காலமாகும். அக்காலத்தை உறக்கத்திலும் கைப்பேசியிலும் கழித்துவிட்டுக் கல்லூரியில் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓட முயல்பவன், இரண்டாம் நாள் கால் வலியோடு படுத்துவிடுவான். மூன்றாம் நாள் குறிக்கோளையே கைவிடுவான்.

இனி, குறிக்கோள் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராயலாம். இளைஞர் பலர் கண்ணாடியைக் குறிக்கோளாகக் கொள்கின்றனர். திரைப்பட நடிகரின் மார்பும் தோளும் தமக்கும் மூன்றே திங்களில் வேண்டும் என்று விழைகின்றனர். பிறர் எடைக்கருவியைக் குறிக்கோளாகக் கொள்கின்றனர். கல்லூரி செல்லுமுன் பத்துக் கிலோ குறையவேண்டும் என்று உண்ணாதிருக்கின்றனர். இவ்விரண்டும் தவறான வழிகள். உருவமும் எடையும் பிறப்பு, வளர்ச்சி, உணவு ஆகிய பலவற்றைப் பொறுத்தவை. முழுவதும் ஒருவன் கையில் உள்ளவை அல்ல. முயன்றும் அவை வாராதபொழுது மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் குறுக்கு வழியைத் தேடுகிறது. தசையை விரைவில் பெருக்குவதாகக் கூறி விற்கப்படும் ஊக்கமருந்து ஊசிகள் இதயத்தையும் கல்லீரலையும் சுரப்பிகளின் ஒழுங்கையும் கெடுக்க வல்லன. மருத்துவர் அறியாது அவற்றை ஏற்றுக்கொள்பவன், வீட்டை அழகு செய்வதற்காக அடித்தளத்தைத் தோண்டுபவன் ஆவான்.

கல்லூரிக்குச் சென்றால் உடல் பருத்தே தீரும் என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. மேலை நாடுகளில், முதலாண்டிலேயே 15 பவுண்டு எடை ஏறும் என்று ஒரு வழக்குரை உண்டு. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்கின்படி, முதலாண்டில் ஏறும் எடை சராசரியாக ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவே. அச்சம் மிகையானது; ஆனால் கவனம் மிகையன்று. ஏறியது சிறிதாயினும், ஆண்டுதோறும் அவ்வாறே ஏறுமாயின் பட்டம் பெறும் நாளில் அது சிறிதாக இராது.

ஆதலின், குறிக்கோள் தோற்றத்தைப் பற்றியதாக அன்றிச் செயலைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். ‘நான் மெலிவேன்’ என்பது ஆசை. ‘நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் விரைந்து நடப்பேன்’ என்பது குறிக்கோள். முன்னது எப்பொழுது நிறைவேறும் என்று எவரும் கூற இயலாது. பின்னது இன்று நிறைவேறிற்றா இல்லையா என்பதை இன்று இரவே கூறலாம். நல்ல குறிக்கோளில் நான்கு கூறுகள் அடங்கியிருத்தல் வேண்டும். செய்வது யாது, எவ்வளவு, எப்பொழுது, எங்கே என்பனவே அவை. இந்நான்கனுள் ஒன்று குறைந்தாலும் குறிக்கோள் வெறும் நினைப்பாகவே நின்றுவிடும்.

அக்குறிக்கோள் அவரவர் வாழ்நிலைக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கோவைக்கு வந்து பயிலும் மாணவனுக்கு விடியற்காலையில் நேரம் இராது. அவன் இரண்டு நிறுத்தங்கள் முன்னரே இறங்கி நடந்து செல்லலாம். கல்லூரியில் மின்தூக்கியை விடுத்துப் படிகளில் ஏறலாம். விடுதியில் தங்கும் மாணவனுக்கு ஆடுகளம் அருகிலேயே உள்ளது. அவன் மாலையில் பந்தாட்டக் குழுவில் சேரலாம். விடியலில் வெளியே செல்லுதல் இயலாத மாணவி, வீட்டு முற்றத்திலேயே கயிறு தாண்டலாம், மாடியில் நடக்கலாம். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஆறடி இடம் போதும்; காசு வேண்டுவதில்லை. கோவைப் பந்தயச் சாலையில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை, செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒன்றாகவே திறந்து கிடக்கிறது.

பயிற்சி இனியதாகவும் இருத்தல் வேண்டும். கசப்பானதை எவரும் நெடுநாள் தொடர்வதில்லை. கொங்கு நாட்டில் இனிய பயிற்சிக்குப் பஞ்சம் இல்லை. சிலம்பம் சுழற்றுவோர் கையும் காலும் கண்ணும் ஒருங்கே தேர்ச்சி பெறுகின்றன. வள்ளி கும்மி ஆடுவோர் அடியெடுத்து வளைந்து நிமிர்ந்து, ஒரு மணி நேரத்தில் பெறும் உழைப்பு ஓட்டத்துக்குக் குறைந்ததன்று. அண்மை ஆண்டுகளில் ஊர்தோறும் சிறுமியர் முதல் முதியோர் வரை அதனைக் கற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் செலுத்துவதே பயிற்சி என்று எண்ணுதல் அறியாமை.

நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சி என்ன செய்ய வல்லது என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. பொள்ளாச்சிக்கு அருகில் ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்த நானம்மாள், சிறு வயதிலேயே தம் தந்தையாரிடம் ஆசனங்களைக் கற்றார். திருமணம், மக்கட்பேறு, குடும்பப் பொறுப்பு என எத்தனையோ மாறுதல்கள் வந்தன. ஊர் மாறியது, கடமைகள் மாறின, காலைப் பயிற்சி மாறவில்லை. கோவை கணபதியில் வாழ்ந்த அவர் தொண்ணூறு வயதைக் கடந்தும் ஆசனங்களைச் செய்து காட்டினார், பலருக்குக் கற்பித்தார். 2018-இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. 2019-இல் தம் 99-ஆம் வயதில் மறைந்தார். அவர் பயிற்சியைத் தொடங்கியது விருதுக்காக அன்று. தொடர்ந்தமையால் விருது அவரைத் தேடி வந்தது.

உடற்குறை உடையோர்க்குக் குறிக்கோள் எதற்கு என்று கேட்போருக்குச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி விடை அளிக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்காலில் நிலைத்த ஊனமுற்றார். தாயார் காய்கறி விற்றுக் குடும்பம் காத்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அளித்த ஊக்கத்தால் உயரம் தாண்டப் பழகிய அவர், கல்லூரிப் பருவத்திலும் அப்பயிற்சியைக் கைவிடவில்லை. 2016-இல் ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் அவருக்குக் கிட்டின. எல்லாரும் பதக்கம் பெறுதல் இயலாது, பெறவேண்டியதும் இல்லை. தன் உடலால் இயலாததை எண்ணி ஏங்காமல், இயல்வதைக் குறிக்கோளாக்கிக் கொண்டதே அவர் வாழ்வில் அனைவரும் கொள்ளத்தக்க பாடம்.

பாடச் சுமையினிடையே இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதே மாணவரும் பெற்றோரும் எழுப்பும் முதல் தடை. ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. அவற்றுள் பயிற்சிக்கு வேண்டுவன 150. அஃதாவது, நூற்றில் ஒன்றரைப் பங்கு. மகன் ஆடுகளத்தில் நின்றால் காலம் வீணாகிறது என்று கவலைப்படும் தந்தை, அவன் கைப்பேசியோடு கழிக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாரில்லை. நடந்து திரும்பிய மாணவன் தெளிந்த மனத்தோடு புத்தகத்தைத் திறக்கிறான், நன்கு உறங்குகிறான். நேரத்தைத் தின்பது பயிற்சியன்று, சோம்பலே.

மகளிருக்கு இத்தடை இரு மடங்காகிறது. ‘பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?’ என்னும் கேள்வி இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அப்பொழுது சேராதது முதுமையில் இடுப்பு முறிவாக வெளிப்படலாம். ஆகையால் பெண்ணின் ஓட்டத்தைத் தடுப்போர், அறியாமலே அவள் முதுமைக்குத் தீங்கு செய்கின்றனர்.

பயிற்சியோடு உணவும் உறக்கமும் இணையவேண்டும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உணவின் அளவையே மிகுதியாகப் பேசியது கருதத்தக்கது. விடுதிக்குச் செல்லும் மாணவன் காலை உணவை விடுத்து, நண்பகலில் தேநீரும் ரொட்டியும் உண்டு, நள்ளிரவில் பரோட்டா தேடுவானாயின், எத்தனை தண்டால் எடுத்தும் பயன் சிறிதே. கொள்ளும் பச்சைப்பயறும் நிலக்கடலையும் மோரும் விலை குறைந்தவை. இந்நாட்டு மண்ணில் விளைபவை. வளரும் உடலுக்கு ஏற்றவை. உறக்கம் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறைதலாகாது. பழைய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

மாணவர் மட்டும் முயன்றால் போதாது. கல்வி நிலையங்களுக்கும் கடமை உண்டு. 1930-இல் அவினாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்த இராமகிருஷ்ண வித்தியாலயத்துக்கு, 1934-இல் காந்தியடிகள் பெரியநாயக்கன்பாளையத்தில் அடிக்கல் நாட்டினார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உடலுழைப்பும் இணையவேண்டும் என்பது அதன் நோக்கம். 1956-இல் அங்கே உடற்கல்விக்கென்றே மாருதிக் கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தகைய முன்மாதிரி அருகிலேயே இருந்தும், இன்று பல கல்லூரிகளில் ஆடுகளம் அணியில் இடம் பெற்ற சிலருக்கே உரியதாக இருக்கிறது. ஏனையோர் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகின்றனர். கைதட்டுவோர்க்கும் இதயம் உண்டு, நுரையீரல் உண்டு. வெற்றி பெறும் பதினொருவரைப் போலவே, வெற்றியை நாடாமல் ஓட வரும் ஆயிரவருக்கும் ஆடுகளத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுமாயின், அதுவே சிறந்த கல்லூரி எனப்படும். அதுவரை தேசிய மாணவர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்வோர்க்கு வாய்ப்பளிக்கின்றன.

எவ்வளவு திட்டமிட்டாலும் குறிக்கோள் சில நாள் தவறும். தேர்வு வரும், காய்ச்சல் வரும், மழை பெய்யும். தவறுதல் தோல்வியன்று, தவறிய மறுநாளும் தொடங்காதிருத்தலே தோல்வி. அரை மணி இயலாத நாளில் பத்து நிமிடம் நடந்தாலும் தொடர்ச்சி அறுபடாது. பருவமழை ஓராண்டு பொய்த்தது என்று கொங்கு உழவர் நிலத்தை விட்டு நீங்கியதில்லை. அடுத்த பட்டத்துக்கு ஏர் பூட்டினர். அந்த உறுதியே இதற்கும் வேண்டும்.

கல்லூரிக்குச் செல்லும் மாணவன் தன் பெட்டியில் மதிப்பெண் சான்றிதழை வைக்கிறான். மாற்றுச் சான்றிதழை வைக்கிறான். அவற்றோடு ஒரு சிறு தாளும் இருக்கட்டும். செய்வது யாது, எவ்வளவு, எப்பொழுது, எங்கே என்று நான்கு வரிகளில் அவன் தன் கையால் எழுதிய தாள் அது. சான்றிதழ்களை அலுவலகம் வாங்கிக்கொள்ளும். இத்தாளை எவரும் கேளார். எவரும் கேளாத ஒன்றைத் தானே தனக்குக் காட்டி, அதன்படி நடக்கும் நாளிலேதான் பள்ளிச் சிறுவன் பல்கலைக்கழக மாணவன் ஆகிறான்.